அவசரப் பொருள்களை எதில் சுமப்பது: பாக்கெட்டா, பவுச்சா, முதுகுப்பையா, டிக்கியா?

அவசரத்துக்கு என்னென்ன கையில் இருக்க வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். டார்ச், பவர்பேங்க், கொஞ்சம் ரொக்கம், மாத்திரை, பேண்ட் எய்ட், ஓஆர்எஸ், விசில், முக்கியமான நம்பர்கள் எழுதிய சீட்டு. இதில் தகராறு ஒன்றும் இல்லை. ஆனால் இதையெல்லாம் எதில் போட்டு, தினமும் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டு பீரோவில் பையை எவ்வளவு அழகாக அடுக்கி வைத்திருந்தாலும், மழை கொட்டும்போது நீங்கள் கிண்டி ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பை இருந்தும் இல்லாததுதான்.

சென்னையில் தினமும் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு ஒரு சின்ன பவுச்சும், உடம்போடு ஒட்டியிருக்கிற மூன்று நான்கு பொருள்களும்தான் சரிப்பட்டு வரும். முதுகுப்பை சிலருக்குப் பொருந்தும். வண்டி டிக்கியை முதல் இடமாக நம்பக் கூடாது. ஏன் என்று கீழே.

அதற்கு முன், எதற்காகத் தயாராகிறோம் என்பதைக் கொஞ்சம் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 2015 டிசம்பர் 1 அன்று, சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்த அன்று, காலையில் ஆபீஸ் கிளம்பியவர்களில் எத்தனையோ பேர் அன்று ராத்திரி வீடு போய்ச் சேரவில்லை. கரண்ட் போச்சு, பிறகு போன் சிக்னலும் போச்சு, பல ஏடிஎம்கள் வேலை செய்யவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது பண மதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கையில் ரொக்கம் இல்லாத நேரம் பார்த்துக் கார்டு தேய்க்கும் மெஷினும் செத்துப்போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நாள்கணக்கில் தண்ணீரும் வடியவில்லை, கரண்டும் வரவில்லை. அதே மாதம் 17ஆம் தேதி ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள், அவர்களில் பெரும்பாலானவர்கள் 19ஆம் தேதிவரை அங்கேயே. பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்ததால் சாப்பாடு கிடைத்தது. ஆனால் சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ஊர்க்காரர்கள் எங்கே போய் வாங்கிக் கொடுப்பார்கள்? கையில் என்ன இருந்ததோ அதுதான்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேவை ஒன்றுதான் என்று புரியும். ஒன்று அல்லது இரண்டு நாள், வீட்டுக்கு வெளியே, நனைந்த நிலையில், வெளிச்சம், சார்ஜ், ரொக்கம், தினசரி மருந்து. காட்டில் தீ மூட்டி உயிர் பிழைக்கிற கதை நமக்கு வேண்டாம். லிப்ட் பாதியில் நிற்பது, ரயில் ஒரு மணி நேரம் நகராமல் கிடப்பது, கை அறுபடுவது, வெயிலில் மயக்கம் வருவது போன்ற சாதாரண நாள் சங்கடங்களுக்கும் இதே பொருள்கள்தான் உதவும். ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் அளப்பது மூன்று கேள்விகளை வைத்துத்தான்: அந்த நேரத்தில் அது என் கைக்கு எட்டுமா, நனையாமல் இருக்குமா, ஆறு மாதம் கழித்தும் சலிக்காமல் தூக்கிக்கொண்டு போவேனா?

உடம்போடு வைத்துக்கொள்வது

கைக்கு எட்டுமா என்ற கேள்வியில் இதை அடிக்க ஆளில்லை. சாவிக்கொத்தில் கட்டைவிரல் அளவு எல்இடி டார்ச், அதோடு ஒரு விசில், பர்ஸில் மடித்த ரூபாய், ஒரு சீட்டு. பையைத் தொலைத்தாலும், ஆபீசில் தீ அலாரம் அடித்துப் போட்டது போட்டபடி ஓடினாலும் இவை உங்களோடு இருக்கும். விசில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும், விசிலை மணிக்கணக்கில் ஊதலாம், மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். மூன்று முறை ஊதி, இடைவெளி விட்டு, மறுபடி மூன்று முறை ஊத வேண்டும்.

ஆனால் இந்த வழி பாக்கெட் உள்ளவர்களுக்கு மட்டும்தான். சுடிதாரில் பாக்கெட் வைத்துத் தைப்பது இப்போதுதான் பரவலாகிறது, புடவைக்கு அந்தப் பேச்சே இல்லை. அதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல வழி கழுத்தில் மாட்டுகிற ஆபீஸ் அடையாள அட்டைதான். அட்டைக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் இடம் சும்மாதான் கிடக்கிறது. அங்கே நான்காக மடித்த சில நூறு ரூபாய் நோட்டுகள், ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்தின் பெயர், இரண்டு பேருடைய போன் நம்பர் எழுதிய சீட்டு. நாடாவின் கொக்கியில் விசில். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது, எடையும் தெரியாது. நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். பல ஜெல் பேனாக்களின் மை நனைந்தால் கரைந்துவிடும். போன் செத்துப்போனால் வீட்டு ஆள் நம்பரே ஞாபகம் வராத காலம் இது, அந்தச் சீட்டை அலட்சியம் செய்யாதீர்கள். சீட்டின் பின்பக்கம் பொது அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913.

குறை என்னவென்றால் பவர்பேங்கும் மருந்தும் இதில் அடங்காது. அதனால் இது மட்டுமே போதும் என்று சொல்ல முடியாது, ஆனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் இது கூடவே இருந்தாக வேண்டும்.

பைக்குப் பை மாறுகிற பவுச்

நான் ஓட்டுப் போடுவது இதற்கு. ஒரு சாண் நீளம், அரைக் கிலோவுக்குள் எடை, எந்தப் பையை எடுத்தாலும் அதற்குள் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். திங்கள்கிழமை லேப்டாப் பை, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குத் துணிப்பை, ஊருக்குப் போகும்போது பெரிய பை. பொருள்களைத் தனித்தனியாக மாற்ற வேண்டியதில்லை, பவுச்சை மாற்றினால் போதும்.

பவுச்சிலேயே இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, புத்தகம் மாதிரி விரிகிற வகை, உள்ளே வரிசையாக எலாஸ்டிக் வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைச் செருகலாம். படத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இன்னொன்று, ஒரே ஜிப், ஒரே அறை, வெளியிலிருந்து உள்ளே தெரிகிற வலையோ கண்ணாடி பிளாஸ்டிக்கோ போட்ட சாதாரண வகை. இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன். எலாஸ்டிக் வகையைத் திறந்து வைக்க ஒரு மேஜை வேண்டும், எடுக்க இரண்டு கையும் வேண்டும், தளும்பத் தளும்ப ஆட்கள் நிற்கிற தாம்பரம் ரயிலில் இந்த இரண்டும் கிடையாது. ஒரு வருடத்தில் எலாஸ்டிக் தொங்கிப்போகும். அதைவிட முக்கியம், காலி வளையம் இருந்தால் அதில் எதையாவது செருகத் தோன்றும், அப்படியே எடை ஏறி ஒரு நாள் பவுச் வீட்டிலேயே தங்கிவிடும்.

ஒரு சோதனை சொல்கிறேன், கடையில் வாங்கி வந்த அன்றே செய்து பாருங்கள். ராத்திரி பாத்ரூமில் விளக்கை அணைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, ஒரே கையால் பவுச்சைத் திறந்து டார்ச்சை எடுத்து எரியவிட வேண்டும். மெல்லிய ஜிப்பாக இருந்தால் ஈர விரல் வழுக்கும். ஜிப்பின் நுனியில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு நாடா வளையம் கட்டிவிட்டால் அது சரியாகிவிடும். கறுப்பு பவுச் கறுப்புப் பைக்குள் கண்ணில் படாது. சிவப்போ ஆரஞ்சோ வாங்குங்கள். வீட்டு ஆளிடம் "அந்தச் சிவப்புப் பவுச்சை எடு" என்று சொல்லலாம் பாருங்கள், அது பெரிய வசதி.

உள்ளே அடுக்குவதில் ஒரே விதிதான்: முதலில் தேவைப்படுவது மேலே. டார்ச் ஜிப்புக்கு நேர் கீழே. அடுத்து பேண்ட் எய்ட், மடித்த காட்டன் கைக்குட்டை. ரத்தம் கொட்டினால் அந்தக் கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வேலை, மருந்து தேடுவது அப்புறம். மருந்து, பணம், பவர்பேங்க், கேபிள் நான்கையும் தனித்தனி ஜிப்லாக் கவரில் போட்டு அடியில். பவுச் வாட்டர்ப்ரூஃப் என்று லேபிளில் போட்டிருந்தாலும் இந்தக் கவர்களை விடாதீர்கள், ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும்.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அட்டையை நறுக்கி இரண்டு இரண்டு மாத்திரையாக வைப்பார்கள். எக்ஸ்பைரி தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், நறுக்கினால் அது போய்விடும், சில சமயம் மருந்தின் பெயரும் பாதியாகிவிடும். மயங்கிக் கிடக்கிறவருக்கு இன்னொருவர் எடுத்துக் கொடுக்கும்போது பெயர் தெரியாத மாத்திரையால் ஆபத்துதான். முழு அட்டையாகவே வையுங்கள். தினசரி மருந்து மூன்று நாளைக்கு, டாக்டர் சீட்டின் நகல் ஒன்று. சுகருக்கு மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் குளுக்கோஸ் அல்லது இரண்டு மூன்று மிட்டாய். ஓஆர்எஸ் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் பொடிப் பாக்கெட், அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்புப் பானம் கிடையாது. பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். கையில் இருப்பது சின்ன பாட்டில் என்றால் 200 மில்லிக்கு உரிய சிறிய பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பவர்பேங்க் 10,000 எம்ஏஎச் போதும். 20,000 வாங்கினால் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதைத் தினமும் சுமக்க மாட்டீர்கள். 10,000 என்று போட்டிருந்தாலும் போனுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய ஆறாயிரம்தான், அதில் இப்போதைய போன் ஒரு தடவை முழுதாக ஏறும். இரண்டு நாள் தள்ள அது போதும், வீடியோ பார்க்காமல் இருந்தால். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: 100 வாட் அவர் வரை கேபினில் கொண்டுபோகலாம், 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட் அவர்தான், பிரச்சினை இல்லை. ஆனால் செக்-இன் பையில் போடக் கூடாது. அதேபோல் கத்தி உள்ள மடக்குக் கருவி, லைட்டர் எல்லாம் ஏர்போர்ட் சோதனையில் போய்விடும், அதனால் பவுச்சில் அவற்றைச் சேர்ப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் அன்றாடத் தேவைக்குப் போதும், விமானம் ஏறும்போது அதையும் வீட்டில் வைத்துவிடலாம்.

ரொக்கம் ஐம்பதும் நூறுமாக இருக்க வேண்டும். நெட்வொர்க் போன அன்று ஜிபேயும் ஓடாது, ஐநூறு ரூபாயை நீட்டினால் டீக்கடைக்காரரிடம் சில்லறையும் இருக்காது.

முதுகுப்பையையே கிட் ஆக்குவது

லேப்டாப் பையின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, மாற்று டீஷர்ட் எல்லாம் சேர்ந்து போகும், அதுதான் இதன் பலம். மாணவர்களுக்கும், வருடம் முழுக்க ஒரே பையைத் தோளில் போடுகிறவர்களுக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். மற்றவர்களுக்கு, பை மாறுகிற அன்று பாதிப் பொருள் பழைய பையிலேயே தங்கிவிடும், எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ரயிலில் பையை மேல் தட்டில் வைத்துவிட்டு நாம் வாசல் பக்கம் தள்ளப்பட்டிருப்போம். ஆபீசில் அது இருக்கையில், நாம் கேண்டீனில். எனவே முதுகுப்பை வைத்திருப்பவர்களும் உள்ளே ஒரு பவுச்சாகவே வைத்துக்கொள்ளுங்கள், பருமனான பொருள்களுக்கு மட்டும் பையைப் பயன்படுத்துங்கள். மேலே போடுகிற மழை உறையை மட்டும் நம்பாமல், உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் போட்டால் முழங்கால் தண்ணீரில் நடந்தாலும் உள்ளே நனையாது.

இடுப்புப்பை

டெலிவரி வேலை செய்கிறவர்களுக்கும் நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிறவர்களுக்கும் பவுச்சைவிட இதுதான் பொருத்தம். இரண்டு கையும் காலியாக இருக்கும், வண்டியை விட்டு இறங்கினாலும் கூடவே வரும். மே மாத வெயிலில் வியர்த்து ஊறிப்போகும் என்பதுதான் தொல்லை, உள்ளே இருக்கும் மருந்துக்கும் அது நல்லதல்ல. பைக் ஓட்டும்போது பவர்பேங்க் மாதிரிக் கெட்டியான பொருள் வயிற்றுக்கு நேரே இருக்கக் கூடாது, விழுந்தால் குத்தும். பக்கவாட்டில் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி டிக்கி

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அவ்வளவு இடம் இருக்கிறதே, அங்கேயே வைத்துவிட்டால் சுமக்கவே வேண்டாமே என்று தோன்றும். எனக்கு இதில் இரண்டு கவலை. ஒன்று சூடு. பெரும்பாலான மாத்திரை அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொல்லித்தான் போட்டிருக்கும். சென்னையில் மே மாதம் நிழலிலேயே 40ஐத் தொடும்போது, வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுக்கு அடியில் என்ன ஆகும் என்று தொட்டுப் பார்த்தாலே தெரியும். மாத்திரை வீரியம் இழக்கும், பேண்ட் எய்டில் பசை போய்விடும், லித்தியம் பேட்டரி உப்பிவிடும், அது தீ அபாயமும் கூட. இரண்டாவது, நமக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் வெள்ளம். 2015லும் 2023லும் வண்டிகளே மூழ்கின. எதற்குத் தயாராக வைத்தோமோ அது வரும்போது முதலில் தண்ணீருக்குள் போவது டிக்கிதான்.

அதற்காக அதைக் காலியாக விட வேண்டாம். மழைக்கோட்டு, பழைய செருப்பு, நைலான் கயிறு, துணி, ரப்பர் கையுறை, இரண்டு மூன்று பிளாஸ்டிக் கவர் எல்லாம் அங்கேயே கிடக்கலாம், சூட்டில் இவை அவ்வளவு சீக்கிரம் கெடாது. கார் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான், இடம் அதிகம் என்பதைத் தவிர.

ஆபீஸ் மேஜை டிராயர்

இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை அங்கேதான் கழிக்கிறோம். ஏசி அறை, பூட்டு இருக்கிறது, சுமக்க வேண்டியதில்லை. மாற்று உடை, நடக்கத் தோதான செருப்பு, பிஸ்கட், நாப்கின், கூடுதலாக இரண்டு நாள் மருந்து. பவுச்சில் அடைக்க ஆசைப்படுகிற பாதிப் பொருள்களின் சரியான இடம் இதுதான். இரண்டாவது அடுக்காக இதை மனதார சிபாரிசு செய்கிறேன். டிராயர் இல்லாமல் தினமும் இடம் மாறி உட்காரும் ஆபீஸ் என்றால் லாக்கர் கேட்டு வாங்குங்கள்.

ரெடிமேடாக விற்கும் எமர்ஜென்சி கிட்டை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நூறு பொருள் என்று எண்ணிக்கை காட்டுவார்கள், அதில் முக்கால்வாசி சின்னப் பேண்ட் எய்டும் பஞ்சும் சேஃப்டி பின்னுமாக இருக்கும். உங்கள் அம்மாவின் பிரஷர் மாத்திரையும், உங்கள் மூச்சிரைப்புக்கான இன்ஹேலரும், உங்கள் கண்ணாடியும் எந்தக் கம்பெனி கிட்டிலும் வராது. காலிப் பவுச்சை வாங்கி, தெருமுனை மருந்துக்கடையில் நீங்களே நிரப்பினால் செலவும் குறைவு, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் கையோடு மனதில் பதியும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கென்று தனிப் பவுச் போடுங்கள், உங்களுடையதைப் பங்கு போட வேண்டாம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ தனியாகப் போகும்போது அவர்கள் எடுத்துப்போகிற மஞ்சப்பையிலோ கூடையிலோ அது இருக்க வேண்டும். டார்ச்சில் மூன்று நான்கு மோடு இருப்பதை வாங்கிக் கொடுக்காதீர்கள், ஒரே பொத்தான், அமுக்கினால் எரிய வேண்டும், அமுக்கினால் அணைய வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு விசிலும் நம்பர் சீட்டும் போதும், மருந்து எதையும் வைக்க வேண்டாம்.

பராமரிப்புக்கு வருடத்தில் இரண்டு தடவை போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அக்டோபர் முதல் வாரம் ஒன்று, வெயில் தொடங்கும் மார்ச்சில் ஒன்று. எக்ஸ்பைரி பார்த்து மாத்திரையை மாற்றுங்கள், பேண்ட் எய்ட் ஒன்றைப் பிரித்து ஒட்டுகிறதா என்று பாருங்கள், அக்டோபரில் மழைக்கோட்டையும் மார்ச்சில் கூடுதல் ஓஆர்எஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பவர்பேங்கை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுங்கள், சும்மா கிடந்தாலும் இறங்கும். டார்ச் பென்சில் பேட்டரியில் ஓடுகிற வகை என்றால் பேட்டரியை உள்ளே போட்டே மாதக்கணக்கில் விடாதீர்கள், கசிந்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வைப்பது, அல்லது இரண்டையும் வெளியே எடுத்து டேப் ஒட்டி அதே கவரில் வைப்பது என்று இரண்டு வழி சொல்கிறார்கள். இருட்டில் தடவித்தடவிப் போடுவது கஷ்டம் என்பதால், நான் டைப் சி சார்ஜில் ஓடுகிற சின்ன டார்ச்சுக்கு மாறிவிட்டேன், பவர்பேங்க் சார்ஜ் போடுகிற அன்றே அதற்கும் போட்டுவிடுகிறேன்.